படித்துறை எதிரே தெளிந்த நீர்

மாஜிஸ்திரேட் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, ஆவூர் சந்தனசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது.

வேலம்பாசிக்கு விதை வேண்டியதில்லை. சாண் நீளக் கொத்தை வாழைநாரால் ஒரு கூழாங்கல்லில் கட்டித் தண்ணீருக்குள் விட்டால், பத்து நாளில் வேர் பிடித்துவிடும். நீருக்கு வெளியே தலை நீட்டாது. உள்ளேயே நின்று கலங்கலையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ளும். புதுக்கோட்டையில் நான் தோட்டவேலை பார்த்த எங்கள் வக்கீல் ஐயா பங்களாக் கல்குளம் பதினாறு வருஷமாகத் தெளிந்திருந்தது இப்படித்தான்.

அந்தக் குளத்தில் பாசி பிடுங்க வந்த பிச்சைமுத்து கால் தவறி விழுந்து இறந்ததாகப் போலீசார் எழுதி முடித்திருக்கிறார்கள். அது சரியல்ல. அவர் தவறி விழவில்லை. படிப்படியாக இறங்கினார்.

சென்ற ஆவணியில் வக்கீல் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"கொசு தாங்கலப்பா. பாசிய முழுசாப் பிடுங்க ஆள் சொல்லிட்டேன். ஒனக்கு இனிமே இங்க என்ன வேலை? நீ இருக்குற தோட்டத்துக் குடிசையை டிரைவருக்கு விட்டுக் குடு."

கொசு குளத்தில் இல்லை, சமையற்கட்டுக்குப் பின்னால் கிடக்கும் உடைந்த பானைகளில் இருக்கிறது என்று சொன்னேன். மறுநாள் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே நெளியும் புழுக்களைக் காட்டினேன். ஐயா சிரித்தார். மூன்றாம் நாள் காலில் விழுந்தேன். என் மனைவி வியாகுலமேரி இடுப்பு விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு இன்னொரு வாசல் கிடையாது.

பாசி பிடுங்க வருகிறவர் கந்தர்வகோட்டைப் பக்கம் என்று முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே கம்மாய்த் தண்ணீர் செம்மண் நிறம். தரை தெரிகிற தண்ணீரை அந்தப் பக்கத்தார் ஆழமில்லாத தண்ணீர் என்றே எண்ணுவார்கள். எங்கள் குளத்தில் ஐந்து படி. ஐந்தாவதுக்கு அப்பால் ஒன்றரை ஆள் ஆழம். தெளிந்த நீரில் அது இடுப்பளவாகத் தோன்றும்.

அவர் வருவதற்கு முதல் நாள் மாலை படித்துறைக்கு நேர் எதிரே மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பாசியை நானே அறுத்து எடுத்தேன். இரவில் கலங்கல் அடங்கி, காலையில் அடித்தளக் கல்லெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சுற்றிலும் பாசி அடர்த்தியாக நின்றது.

பிச்சைமுத்து அரிவாளோடு வந்தார். கலகலப்பான மனிதர்.

"என்னண்ணே இது, தண்ணியா கண்ணாடியா? எங்க ஊருக் கம்மாயில முங்கி எந்திரிச்சா பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது. ஆழம் எம்புட்டுண்ணே? எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"தரைதான் தெரியுதேப்பா. பாத்து எறங்கு."

இதில் பொய் ஒன்றும் இல்லை. தரை தெரிந்தது.

"இடுப்புக்குத்தான் வரும்போல. மத்தியானத்துக்குள்ள வழிச்சு எறிஞ்சிர்றேன். அக்காவுக்கு ஒடம்புக்கு ஆகலயாமே? முடிச்சுட்டு வந்து பாக்குறேண்ணே."

ஐந்தாவது படியிலிருந்து சாதாரணமாகக் காலை எடுத்து வைத்தார். மூழ்கி மேலே வந்தபோது பாசிப் பக்கம் ஒதுங்கியிருந்தார். உதைக்க உதைக்க அது காலைச் சுற்றியது.

ஐயா குளத்தைக் கண்டு பயந்து அந்த வாரமே மண் கொட்டி மூடிவிட்டார். குடிசையில் டிரைவர் இருக்கிறார். வியாகுலமேரியை மாட்டுவண்டியில் ஆவூருக்குக் கொண்டுபோனேன். கோயில் தாழ்வாரத்தில் கிடக்கிறாள்.

இந்தச் சாவால் எனக்கு ஒரு லாபமும் இல்லை என்பதைச் சமூகம் கவனிக்க வேண்டும். நான் அவரைத் தொடவும் இல்லை. அவர் இரண்டு தரம் மேலே வந்தார். இரண்டாம் தரம் "அண்ணே" என்று என்னைப் பார்த்துக் கை நீட்டினார். கிணற்றுக் கயிறு என் தோளில்தான் கிடந்தது. வீசியிருந்தால் பிடித்திருப்பார். மறுநாளும் பாசி பிடுங்க வந்திருப்பார்.