வெள்ளிக்கிழமை அளந்த இழை

…எனக்கு மூணு பிரசவம் ஆச்சே, இந்த மனுஷன் ஒரு நாளாவது என் வயித்த ஏறெடுத்துப் பாத்தாரா? பாம்புக்கு மட்டும் தெனம் காலையில இடுப்பளவு எடுக்கறாரு சார்! உக்காருங்க, உக்காருங்க… அய்யய்யோ, அந்தப் பலகை மேல வேணாம்! அதுக்குக் கீழ தறிக்குழி. எங்க பொண்ணுப் பாம்பு அதுலதான் இருக்குது. உங்க மாப்பிள்ளை அதோ, மூலையில கூடைக்குள்ள சுருண்டுக்கினு கெடக்குறாரு.

வூட்டுக்காரரு இல்லீங்க. வாலாஜாபாத் போயிருக்காரு, ரைஸ் மில்லுல எலி புடிக்க. உங்க மாப்பிள்ளைக்குத்தான்! பட்டு நெய்யற கைலாசம்னா முன்ன எவ்ளோ மரியாதை! இப்ப மில்லுக்காரன் தூரத்துலயே ‘எலிக்காரரு வந்துட்டாரு’ன்றானாம். த்தூ!

எல்லாம் நீங்க பண்ணுன வேலைதான். தை மாசம் ஆம்பள மலைப்பாம்ப இரவலா குடுத்துட்டு இன்னா சொன்னீங்க? ‘கைலாசம், பொம்பளைக்கு சினைமுட்டை எறங்குனா ஒரு கார்டு போடு. உனக்கு மெட்ராஸ் பாம்புப் பண்ணையில வேலை. பங்குனிக்குள்ள எறங்கலன்னா என் பாம்ப எடுத்துக்கினு போயிடுவேன்.’ சொன்னீங்களா இல்லியா? அன்னிலேர்ந்து இந்த வூட்டுல வேற பேச்சே இல்ல.

சினைமுட்டை எறங்குற அறிகுறி எல்லாம் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சுன்னா பாத்துக்கங்க! தீனி வேணாம்னு மொகத்தத் திருப்பிக்கும். வெதுவெதுப்பான எடமா தேடும். வயித்த மேல காட்டிக்கினு மல்லாந்து படுக்கும். அப்பறம் ஒரு நாளு நடு ஒடம்பு திடீர்னு பொடைச்சுக்கும். எலி முழுங்குன வீக்கம்னா வத்தறதுக்கு நாளாவும். சினைமுட்டை எறங்குற வீக்கம் ஒரே நாளுதான், மறுநாளு பழையபடி. அத்தப் புடிக்கத்தான் தெனம் விடிகாலையில பட்டு இழையால சுத்தி அளந்து, நறுக்கி, ஆணியில மாட்டுவாரு. சாயங்காலம் அத்தனை இழையையும் வரிசையா வெச்சுப் பாப்பாரு.

இருங்க, காபி போடறேன். அடுப்பாண்டேர்ந்தே பேசறேன், காதுல வுழுதா?

ஆணியில மாட்டலாமா சார்? தறி வூட்டுல ஆணியில துண்டு இழை தொங்குனா அது எதுக்கு? பாவுல இழை அறுந்தா ஒட்டுப் போடறதுக்கு! கல்யாணம் ஆயி வந்த நாளா கண்ணு பாவுல இருக்கும், கை தானா ஆணிக்குப் போவும். போன வெள்ளிக்கிழமையும் போச்சு. ஒட்டுப் போட்டு முடிச்ச பிறகுதான் பாக்கறேன், அன்னிக்கு அளந்த இழை!

வந்து பாத்தார்னா வூடு ரெண்டாவும். மறுபடி அளக்கலாம்னா பாம்பாண்ட போவ தைரியம் ஏது? அதே பருமனா இன்னா இருக்குதுன்னு சுத்திப் பாத்தேன். மாங்கா ஊறுகா ஜாடி! சுத்துனேன், நறுக்குனேன், மாட்டிட்டேன்.

சாயங்காலம் பாக்கறாரு… நாலு விரக்கடை ஜாஸ்தி! மறுநாளு பாம்ப அளந்தா பழையபடி. ‘ஒரே நாளு பட்டம்மா, ஒரே நாளு!’ன்னு அழறாரு சார். அந்த மொகத்தப் பாத்துக்கினு எப்டி சொல்றது? கார்டு போயிடுச்சு, நீங்களும் வந்துட்டீங்க. சினைமுட்டை எறங்குனது பாம்புக்கு இல்ல சார், என் ஊறுகா ஜாடிக்கு!

சக்கரை ஒரு ஸ்பூனா, ரெண்டா? சரி, ரெண்டே போடறேன். ஆனா ஒண்ணு, கேளுங்க. மூணு நாளா அது நெசமாவே தீனி தொடல. நேத்து மல்லாந்து படுத்துச்சு. இன்னிக்கு அவரு அளந்துட்டுப் போன பிறகு, இப்ப மத்தியானம் பலகை இடுக்கால எட்டிப் பாக்கறேன், நடு வயிறு பொம்முனு இருக்குது! சத்தியமா சார். நீங்களே பலகைய நவுத்திப் பாருங்க, நாளைக்கு இருக்காது…

சார்?

இன்னாது, ஆளக் காணோம்! கூடையும் காணோமே! சார்! ஓ சார்! பஸ்ஸுக்குப் போயிட்டாரா? அய்யோ, ஊறுகா ஜாடின்னதுமே பாதிக் கதையில எழுந்து போனா எப்டி…

யாரு, நீங்களா? வந்துட்டீங்களா? எலிப்பொறியக் கீழ வையுங்க. கைய கழுவ வேணாம். இழைய எடுங்க, பலகைய நவுத்துங்க, அளங்க. காலையிலதான் அளந்தீங்க, தெரியும். மறுபடி அளங்க. எதுக்குன்னு அப்பறம் சொல்றேன்… இப்ப சொன்னா உங்க கை நடுங்கும், அளவு சரியா வராது.