இறங்காத அடித்தகடு

துருப்பிடித்த இரும்போடு மல்லுக்கட்டக் கூடாது. எண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

படகு என் தம்பியுடையது. முப்பது வருடப் பழைய பாய்மரப் படகு. அதன் வயிற்றில் ஒரு குறுகிய பெட்டி. அதற்குள் ஏறி இறங்கும் கனத்த இரும்புத் தகடுதான் படகைக் கவிழாமல் காப்பது. அது துருவேறிச் சிக்கிக்கொண்டது. கழற்றித் தேய்த்து வர்ணம் பூசிவிட்டால், அடுத்த மாதம் அவன் அதில் கடல் பயணம் கிளம்பிவிடுவான்.

அப்பா படுக்கையில் விழுந்து ஆறு வருடம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். மாலையில் தம்பி வந்தால்தான் நான் வாசலைத் தாண்டுவேன், அரைமணி நேரம். அதற்காகவே பகல் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ரெண்டு வருஷம்தாண்ணே. நீ சமாளிச்சுருவ. இங்க எனக்கு மூச்சு முட்டுது."

மூச்சு முட்டுவதைப் பற்றி என்னிடம் சொன்னான். நான் கெஞ்சிப் பார்த்தேன். காலைப் பிடிக்காத குறை. அவன் வீட்டுக் கொட்டகையில் படகை மரத் தாங்கிகளில் ஏற்றுவதிலேயே கண்ணாக இருந்தான்.

ஐந்து நாள் எண்ணெய் ஊற்றினோம். அசையவில்லை. ஆறாம் நாள் நான் படகுக்குள் நின்று சம்மட்டியால் தட்டினேன். தகடு திடீரென விழுந்துவிடாமல் மேலே கொட்டகை உத்தரத்தில் கயிறு கட்டியிருந்தோம். பதினோராவது அடியில் அது ஒரு விரற்கடை இறங்கியது. கையில் தெரிந்தது. தம்பியிடம் சொல்லவில்லை.

கயிற்றை அவிழ்த்தேன். பிறகு, "அடியில போய் எங்க பிடிக்குதுன்னு பாருடா. பின்பக்கமாத் தலைய வச்சுப் படு" என்றேன். அப்படிப் படுத்தால் தகடு முழங்காலுக்கு நேராக வரும். தலையில் விழுந்துவிடக் கூடாதே என்று அவ்வளவு யோசித்தேன்.

"அண்ணே, கயிறு கட்டித்தானே இருக்கு?"

"கட்டியிருக்குடா."

இன்னும் ஒரே ஒரு அடி அடித்தேன்.

ஆம்புலன்சுக்கு உடனே சொன்னதும் நான்தான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கயிறு அறுந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னது பொய், இன்ஸ்பெக்டர் சார். அறுந்த கயிறு என்றால் நுனி பிரிந்திருக்கும், இது பிரியவில்லை என்றீர்கள். சரிதான்.

இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்பாவின் அறையிலேயே இன்னொரு கட்டில் போட்டிருக்கிறேன். வேலை இரட்டிப்புத்தான். நான் வாசலைத் தாண்டியே மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் வீட்டில் பேச ஆள் இருக்கிறது.

கொஞ்சம் சீக்கிரம் எழுதி முடியுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நாலு மணிக்குள் உள்ளே போய் இருவரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தம்பி இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகப் போகச் சரியாகிவிடுவான். எங்கே போய்விடப் போகிறான்?