வளைவில் கேட்காத சத்தம்

மலாக்கா பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால் எஸ்டேட் லாரி டிரைவர் ஒருவர் கையில் காயக்கட்டோடு நின்றார். பக்கத்தில் அந்த லாரியைப் பழுதுபார்த்த பட்டறைக்காரர்.

“அந்த இஞ்சின் ரப்பரை நான் மாத்தாமலே விட்டிருக்கலாம் அண்ணே.”

“நான்தானே சத்தம் வருதுன்னு கொண்டாந்தேன்.”

“கியரைப் போட்டுக் கிளட்ச்ச விட்டா இஞ்சினே எழும்பி ‘டங்’குனு உக்காந்துச்சு. அதைத் தாங்குற ரப்பர் தேஞ்சு போயிருந்துச்சு. மாத்துனேன்.”

“நல்லாத்தான் மாத்துனே. எஸ்டேட் கேட்டுல நிக்கிற காவக்காரன், வளைவுல கியர் மாத்தும்போது அந்தச் சத்தம் கேட்டாத்தான் இருட்டுல நம்ம லாரின்னு தெரிஞ்சுக்குவான். அன்னைக்கு ஊரடங்கு நேரம். சத்தம் இல்ல, காட்டுலேருந்து வந்த கம்யூனிஸ்டுன்னு நெனச்சுச் சுட்டுட்டான்.”

பட்டறைக்காரர் டிரைவரின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“சுட்டவன்தான் தினமும் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டாந்து வச்சுட்டு அழுதான் லா. பழைய ரப்பர் கெடந்தா திரும்ப மாட்டிக் குடு, தம்பி.”