சம்பந்தியின் முழங்கால்

அடுத்தவர் வலியைப் பொறுமையாகக் கேட்பதற்கென்று ஒரு தனிக் காது வேண்டும். எனக்கு அது இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிசியோவாக வேலை பார்த்த காலம் முழுவதும் ஊரின் பாதி எலும்புகள் என்னிடம் வந்து குறை சொல்லிவிட்டுப் போயிருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் காது சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதனால் வீட்டின் பின்னறையில் ஒரு சிகிச்சைக் கட்டிலைப் போட்டு வைத்தேன். தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் பார்ப்பேன். முக்கியமாக என் சம்பந்திக்கு.

சம்பந்தி என்றால் என் மருமகளின் அப்பா. பாலம் கட்டும் இன்ஜினீயராக இருந்தவர். எதைப் பார்த்தாலும் அது எவ்வளவு பாரம் தாங்கும் என்றுதான் முதலில் யோசிப்பார். சம்பந்தம் பேச வந்த அன்று குனிந்து எங்கள் சோபாவின் அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மனைவி தவறிய பிறகு மனிதர் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தார். ‘வாங்க சம்பந்தி, நீச்சலுக்குப் போவோம்’ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவன் நான்தான். இதை இப்போது யாரும் சொல்வதில்லை. போகட்டும்.

நீச்சலில் ஆரம்பித்தது டிரையத்லானில் போய் முடிந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் ஏரியில் நீந்த வேண்டும். கரையேறி ஈரம் சொட்டச் சொட்ட சைக்கிள் மிதிக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும், கால் இரண்டும் யாருடையவோ போல இருக்கும்போதே, ஓட வேண்டும். ஒரு மனிதனைப் பிடித்து இப்படிச் செய்யவைத்தால் போலீஸ் வரும். நாங்கள் விரும்பிப் போய் வரிசையில் நிற்கிறோம்.

வலி இல்லாத டிரையத்லான்காரரை நான் பார்த்ததில்லை. பந்தயத்தன்று காலையில் வந்து பாருங்கள், தைல வாசனை அக்கரை வரைக்கும் அடிக்கும். அந்த ஏரி மீன்களுக்கு ஜலதோஷமே பிடிக்காது என்று நான் சத்தியம் செய்வேன். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. ‘குதிகால் எப்படி இருக்கு’ என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். என் குதிகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் ஆணிப் படுக்கையில் கால் வைத்ததுபோல இருக்கும்.

“கடைக்குப் போகச் சொன்னா வலிக்குது, ஏரியைச் சுத்தி ஓடச் சொன்னா வலிக்கல. ரொம்ப விவரமான குதிகால்” என்பாள் என் மனைவி.

டிரையத்லான்காரர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ரகசியம் இதுதான்: எதைச் சொன்னாலும் செய்வார்கள். ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கச் சொன்னால் தேய்ப்பார்கள். பனிக்கட்டி வாளிக்குள் உட்காரச் சொன்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். ‘கொஞ்ச நாள் சும்மா இரு’ என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும், வேறு பிசியோவைத் தேடிப் போய்விடுவார்கள். ஆகவே சம்பந்தியிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அவர் மனம் நோகக் கூடாது, பாருங்கள்.

நீங்கள் கேட்பது அதையல்ல, முழங்கால் விஷயத்தை என்று தெரிகிறது. வருகிறேன்.

அறுபதைத் தாண்டியவர்கள் பிரிவில் நாங்கள் இருவர்தான். மூன்றாவதாக ஒரு ரிட்டயர்டு தபால்காரர் பெயர் கொடுத்திருந்தார். தண்ணீரில் கட்டை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். நீச்சலில் நான் கெட்டிக்காரன். சைக்கிளில் இருவரும் சமம். முதல் பந்தயத்தில் ஓட்டத்தின் கடைசி வளைவு வரைக்கும் நான்தான் முன்னால். அங்கே பின்னாலிருந்து சீரான காலடிச் சத்தம் கேட்டது. சம்பந்தி பக்கத்தில் வந்தார். மூச்சுகூட வாங்கவில்லை.

“சம்பந்தி, தண்ணி குடிச்சீங்களா?” என்றார்.

நிஜமான அக்கறையோடு கேட்டார். தன் பாட்டிலை என் கையில் திணித்தார். முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் போய்விட்டார். ஒரு மனிதனைத் தோற்கடிக்கலாம், தப்பில்லை. தாகமா என்று விசாரித்துவிட்டுத் தோற்கடிப்பதை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

அவருடைய பதக்கத்தை மருமகள் எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், விளக்குப் போட்டு வைத்தாள். என் இரண்டாம் இடத்துப் பதக்கத்துக்கும் இடம் கிடைத்தது. சமையலறைச் சன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதன் நாடாவால் கொக்கியில் இழுத்துக் கட்டியிருந்தாள். “ரொம்ப உறுதியான நாடா மாமா” என்று பாராட்டினாள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

அதற்குப் பிறகுதான் சம்பந்தி இடுப்பு பிடித்துக்கொண்டது என்று வந்தார். ஒரு வாரம் காலை நீட்டிப் படுத்திருந்தால் தானே போயிருக்கும். கட்டிலில் படுக்கச் சொல்லி டேப்பை எடுத்தேன். இன்ஜினீயர்களுக்குக் கையால் அமுக்கிப் பார்த்தால் நம்பிக்கை வராது, அளந்தால்தான் வரும். அவர் சற்றுக் கோணலாகப் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் துண்டு சுருண்டு கிடந்தது. அதை எடுத்துவிட்டு அளக்க வேண்டும் என்பது முதல் மாதப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கே தெரியும். நான் எடுக்கவில்லை. டேப்பைப் பார்த்துவிட்டு ‘உம்’ என்று மட்டும் சொன்னேன்.

“என்ன சம்பந்தி, எது குட்டை? இடதா?”

“லேசா.”

“நெனச்சேன். ஒரு தூண் இறங்கியிருந்தா மேல விரிசல் விடாம என்ன பண்ணும்? முட்டுக் குடுங்க, முட்டுக் குடுங்க.”

கவனியுங்கள், முட்டுக் கொடு என்று சொன்னது அவர். கார்க்கை அறுத்து, குதிகாலுக்குக் கீழே வைக்க ஒரு திண்டு செய்து கொடுத்தது மட்டும்தான் நான். நன்றாகவே செய்திருந்தேன். ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். இரண்டு கால்களும் ஒரே நீளமாக இருக்கிற மனிதனின் இடது ஷூவில் அதைப் போட்டு ஓடவிட்டால், பாரம் மெல்ல வலது முழங்காலின் வெளிப்பக்கத்துக்குப் போகும். போயிற்று. வலது முழங்கால் வலிக்கிறது என்று வந்தார். அதற்கும் வைத்தியம் பார்த்தேன்.

பாலைச் சிம்மில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது புரியும். பொங்கவும் கூடாது, ஆறவும் கூடாது. வலி கூடினால் ஐஸ், மசாஜ், ஆறுதலான நாலு வார்த்தை. வலி குறைந்தால் மாடிப்படியில் பின்னோக்கி இறங்கும் பயிற்சி, சுவரில் சாய்ந்து இல்லாத நாற்காலியில் உட்காரும் பயிற்சி. ரொம்பவே குறைந்துவிட்டால், “திண்டைக் கொஞ்சம் ஏத்திப் பார்ப்போமா சம்பந்தி?” என்பேன். சொன்னதை ஒன்று விடாமல் செய்தார். இப்படி ஒரு நோயாளி கிடைக்க ஒரு பிசியோ போன ஜென்மத்தில் ஆஸ்பத்திரியே கட்டியிருக்க வேண்டும்.

மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம். “ஆஸ்பத்திரியில கட்டிலோட கெடந்தவங்களையெல்லாம் எழுப்பி நடக்க வெச்சீங்க. சொந்தச் சம்பந்திக்கு மட்டும் ஏங்க கை வரல?”

“சொந்தக்காரங்க உடம்பு சொன்ன பேச்சு கேக்காதுடி.”

“ஆமா, சொந்தக்காரங்களே கேக்கறதில்ல” என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த இரண்டு பந்தயங்களிலும் நான் முதலில் வந்தேன். சம்பந்தி விந்தி விந்தி வந்து சேர்ந்து, பெருமையோடு எல்லாரிடமும், “ஜெயிச்சவர் யாரு தெரியுமா? என் டாக்டர்” என்றார். நான் டாக்டர் இல்லை என்று திருத்தினேன். நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா. என் பதக்கங்களும் அலமாரிக்கு வந்தன. விளக்கு அவற்றின் மேல் நேராக விழவில்லை என்பதால், மருமகள் வேலைக்குப் போயிருந்தபோது கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

பிறகு ஒரு நாள் மருமகள் வந்தாள். பின்னறை வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது.

“மாமா, அப்பா சைக்கிளை வித்துடப் போறாராம். எலும்பு டாக்டர் இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு இனிமே ஓடவே கூடாதுன்னுட்டார். அம்மா போனப்போ இருந்த மாதிரியே மறுபடியும் சன்னலை மூடிக்கிட்டு உக்காந்திருக்கார். பேசவே மாட்டேங்கறார். உங்களை விட்டா எனக்கு யாரைக் கேக்கறதுன்னு தெரியல.”

எனக்கு உண்மையிலேயே பகீரென்றது. அவர் வராவிட்டால் அந்தப் பிரிவில் நான் மட்டும்தான். ஒற்றை ஆளாக ஓடி வாங்கும் முதலிடத்தைப் பதக்கம் என்று யாரிடம் காட்டுவது? அன்றே சம்பந்தி வீட்டுக்குப் போனேன். சைக்கிள் சுவரோரம் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. அவர் நாற்காலியில் சுருங்கிப் போய் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சம்பந்தி” என்றார். “பாலம் பழசாயிடுச்சு. இடிச்சுட வேண்டியதுதான்.”

நான் ஷூவைக் கையில் எடுத்து, திண்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். “இதோட வேலை முடிஞ்சது. கால் சமமாயிடுச்சு” என்றேன். பிறகு, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எந்த டிரையத்லான்காரரிடமும் சொல்லத் துணியாததைச் சொன்னேன். “கொஞ்ச நாள் சும்மா இருங்க.”

ஓடவே கூடாது என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்த மனிதர், சொன்னபடி கேட்டார். முழங்கால் ஆறிவிட்டது. ஆறாமல் என்ன செய்யும்? அதற்கு நோயே இல்லையே. எலும்பு டாக்டர் அதிசயப்பட்டாராம். மருமகள் என் காலில் விழாத குறை. சன்னல்கள் திறந்தன, சைக்கிளுக்குப் புது டயர் வந்தது. குடும்பமே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. இந்த விவகாரத்தில் இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷப் பந்தயத்தில் கடைசி வளைவில் அதே சீரான காலடிச் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்றுகூடச் சொல்வேன். சரியாக அந்த நேரத்தில் என் குதிகால் போயிற்று. டப்பென்று ஒரு சத்தம், நான் பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வருஷக் கணக்காக ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தேனே தவிர, அதை நான் ஒரு நாளாவது சும்மா விட்டேனா என்றால் இல்லை. நானும் டிரையத்லான்காரன்தானே.

சம்பந்தி என்னைத் தாண்டிப் போனார். பிறகு நின்றார். திரும்பி வந்தார்.

“எந்திரிங்க சம்பந்தி. கையைப் போடுங்க.”

“நீங்க போங்க, ஜெயிக்கப் போறீங்க.”

“அட, ஜெயிச்சு என்ன பண்ண? நீங்க இல்லாட்டி எனக்கு இந்தக் காலே ஏது?”

என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கிட்டத்தட்ட மூட்டையைத் தூக்குவதுபோலத்தான் தூக்கிக்கொண்டு நடந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தாய்மார்கள் அழுதார்கள். எல்லைக்கோட்டுக்கு முன்னால் நின்று, என் முதுகில் கை வைத்து மெல்ல முன்னால் தள்ளிவிட்டார். முதலிடம் எனக்கு.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். துண்டு, டேப், திண்டு, எல்லாம். நல்ல காலை வேண்டுமென்றே வருஷக் கணக்கில் கெடுத்தவன் நான்தான் என்று. உங்களிடம் சொல்கிற இதே வார்த்தைகளில், இதே நிதானத்தில். வாயைத் திறக்கப் போகும்போது மருமகள் படத்தைக் கொண்டு வந்தாள். அலமாரியில் வைக்கச் சட்டம் போட்டு, பெரிதாக. சம்பந்தி என்னைத் தாங்கிக்கொண்டு வருகிற படம். அவர் முகம் ஓவியம்போலத் தெளிவாக இருந்தது. என் முகம் அவர் அக்குளுக்குள் இருந்தது. “தங்கமான மனுஷன்” என்றாள் என் மனைவி. யாரைச் சொன்னாள் என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

நான் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது. என் பாரம் முழுவதும் விழுந்த அந்த வலது தோள், மற்றதைவிட லேசாக இறங்கியிருக்கிறது. நீந்துகிற மனிதருக்கு இது நல்லதில்லை. சம்பந்தியிடம் பக்குவமாகச் சொன்னேன். பாவம், உடனே தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மனைவியும் இல்லாத மனிதர், என்னை விட்டால் அவரைக் கவனித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?