பத்தாம் அத்தியாயத்தில் ஒரு சாவு

"பத்தாம் அத்தியாயத்துல அவளைக் கொன்னுடு."

ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங் போகும் ரயிலில், எதிர்ப்பலகையில் இருந்த, ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி இப்படிச் சொன்னதும் திடுக்கிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் அவர் தங்கை, மடியில் நோட்டுப் புத்தகம்.

"அவ எதுக்குண்ணே சாகணும்?"

"கங்காணியைச் செருப்பால அடிச்சவ உயிரோட இருந்தா எந்தப் பத்திரிகையில நாவலைப் போடுவாங்க?"

"செத்தா அவ அடிச்சது தப்புன்னு ஆயிடும். இருபது அத்தியாயத்துக்கும் திட்டம் போட்டுட்டேன். கடைசியில அவ வேற தோட்டத்துல பால்மரம் வெட்டிப் பால் எடுக்குறா."

"பெரிய கிராணி படிச்சா என் வேலை போயிடும்மா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவ சாகமாட்டா."

அவர் தங்கையின் மடியிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"அடி வாங்கின கங்காணி சும்மாவா இருப்பான்?"

"இருக்கமாட்டான். அதுக்குத்தான் பதினொண்ணாம் அத்தியாயம்."