எண் குறைந்தால் கைதட்டல்

மேடம், அந்த நாற்காலி உங்களுக்குக் கொஞ்சம் உயரம். பாதம் தரையில் முழுசாகப் படவில்லை. சாயங்காலத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். காலுக்குக் கீழே ஒரு கட்டை போட்டுக்கொள்ளுங்கள். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் முதுகைத்தான் பார்ப்பீர்கள் என்று என் மனைவி திட்டுவாள்.

தையல்காரம்மாவின் கால்கள் போனதற்கு என் துறையின் இளைய விரிவுரையாளர்தான் பொறுப்பு என்று விசாரணை முடிவு எழுதப்போகிறீர்களாம். ஆபத்தான அறிகுறிகளைக் கேட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லையாம். எழுதுவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள். அவள் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள். போன தடவை இதே அறையில் உட்கார்ந்து, என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன். அது பச்சைப் பொய்.

நான் பிசியோதெரபி கல்லூரியில் வலியைப் பற்றிப் பாடம் எடுப்பவன், ஆராய்ச்சியும் அதில்தான். வலி வேறு, காயம் வேறு என்பது என் கட்சி. காயம் ஆறிய பிறகும் மூளை பழக்கதோஷத்தில் வலியை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பயத்தைப் போக்கி, ஆளை அசையவைத்தால் வலி இறங்கும். இது என் கற்பனை இல்லை, பெரும்பாலானவர்களுக்கு இதுதான் உண்மை. ஆனால் எங்கள் தொழிலில் சிலர் என்னை முதுகுக்குப் பின்னால் ‘வாய் வைத்தியர்’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். கேட்டும் கேட்காததுபோல் இருப்பேன். உள்ளுக்குள் எரியும்.

தையல்காரம்மா, மாணவர்கள் முன்னால் நான் நோயாளிகளைப் பார்க்கும் வகுப்புக்கு இடுப்புவலியோடு வந்தவர். காலையிலிருந்து இருட்டும்வரை மெஷினில் குனிந்தே கிடப்பவர். வலிக்குப் பத்துக்கு எத்தனை எண் கொடுப்பீர்கள் என்று கேட்டதும் எட்டு என்றார். வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு எட்டம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது.

"வலிங்கிறது மூளை அடிக்கிற மணிம்மா. வீடு பத்திக்கிட்டாலும் அடிக்கும், சும்மா காத்தடிச்சாலும் அடிக்கும்" என்று அவருக்கு விளக்கினேன்.

"அப்போ என் மணி ரிப்பேரா சார்? புது மணி என்ன விலை?" என்றார். வகுப்பே சிரித்தது.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி சொல்லும் எண் குறைந்தால் எல்லோரும் கைதட்டுவோம். கூச்சப்படுபவர்கள்கூட அந்தச் சத்தத்தில் நிமிர்ந்துவிடுவார்கள். எண் ஏறினால் யாரும் எதுவும் சொல்வதில்லை, அடுத்தவரைக் கூப்பிடுவோம். எட்டம்மா கெட்டிக்காரர், சீக்கிரமே பிடித்துக்கொண்டார். ஆறு என்றார், ஐந்து என்றார், மூன்று என்றார். மூன்று என்று சொன்ன அன்று அவர் மேசை விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் விரல்முட்டி வெளுத்திருந்தது. நோயாளியின் வாயைக் கேட்காதே, கையைப் பார் என்று சொல்லிக்கொடுக்கிறவன் நான். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கைதட்டினேன்.

பிறகு வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்தார்கள். என்னை வாய் வைத்தியர் என்றவர்களும் அதில் உண்டு. எட்டம்மாவை அவர்கள் முன்னால் நடக்கவைத்து, குனியவைத்து, என் ஆராய்ச்சியைக் காட்டுவதாக ஏற்பாடு. அன்று காலை அரங்குக்கு வெளியே இளைய விரிவுரையாளர் என்னிடம் ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"சார், அவங்களுக்கு உக்கார்ற இடமெல்லாம் மரத்துப்போயிருக்காம். நேத்திலேர்ந்து ஒண்ணுக்கும் சரியா போகலையாம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம் சார்."

"நான் பாத்துக்கறேன்மா. நீ போய் புரொஜெக்டரைப் பாரு."

உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம், மேடம். முதுகெலும்புக்கு அடியில் நரம்புக்கொத்து நசுங்குகிறது என்று அர்த்தம். உடனே அறுவை சிகிச்சை செய்தால் கால் பிழைக்க வழி உண்டு, தாமதித்தால் போய்விடும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் முதல் பாடமே இதுதான். இடுப்புவலிக்காரர் இப்படிச் சொன்னால் புத்தகத்தை மூடிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்பேன். மறந்துபோச்சு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

எட்டம்மா உள்ளே பெஞ்சில் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். இந்த நாளுக்காகத் தானே ரவிக்கை தைத்துப் போட்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல சார், கீழ கொஞ்சம் மரமரன்னு இருக்கு. சும்மாவும் மணி அடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. இது அதுதானே சார்?"

அன்று அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. அரங்கில் ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

"அதுதாம்மா" என்றேன்.

அவர் மேடையில் நடந்தார். தரையில் நான் போட்ட பேனாவைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். எத்தனைம்மா என்று கேட்டேன். "ரெண்டு சார்" என்றார். அரங்கு முழுக்கக் கைதட்டியது, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இறங்கும்போது அவருடைய வலது பாதம் படியில் இழுத்தது. சட்டென்று போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் மரியாதை என்று நினைத்திருப்பார்கள். பாதம் இழுப்பது யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் பிடித்தேன். பிறகு விருந்தினர்களோடு சாப்பிடப் போனேன். வயிறாரச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் விடிந்தபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கணவர்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அறுவை சிகிச்சை நிபுணர் கேட்டாராம். அந்த மனிதர் அதை என்னிடம் வந்து சொல்லி, "எங்க அறியாமைதான் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தலை நிமிர முடியவில்லை.

இளைய விரிவுரையாளர் உங்களிடம் என் பெயரைச் சொல்லவில்லையாமே. சார் சொல்வார் என்று காத்திருந்திருக்கிறாள். நேற்று வராந்தாவில் எதிரே வந்தபோதுகூட ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்கு இதில் எள்ளளவும் பங்கு இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எட்டம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்புக்குக் கீழே போர்வை அசையவே இல்லை. உண்மையைச் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. வாயைத் திறந்தால் பழக்கத்தில் வேறு கேள்வி வந்துவிட்டது.

"எத்தனைம்மா?"

"பூஜ்யம் சார்" என்றார். "இப்ப சுத்தமா வலியே தெரியல. நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு."

சொல்லிவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்க, கைதட்டினேன். அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, என் ஆராய்ச்சியில் வலி தீர்ந்தவர்களோடு அவரையும் சேர்த்தேன். அதில் மட்டும் பொய் எதுவும் இல்லை, மேடம்.