ராகு காலத்தில் எறிந்த பந்து

அடுத்தவர் கவலையைக் கேட்டுச் சிரித்தேன், அது தவறு. ஐசலின் ஊர்த் தோசைக் கடை வரிசையில், அமெரிக்க ஃபுட்பால் ஜெர்ஸி போட்ட ஒருவர் தன் நண்பரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

“புது அஃபென்ஸ் கோச் ராகு காலத்துல பந்தை எறியச் சொல்றான்டா. நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் தூக்கிட்டு ஓடணும்னு ஈமெயில் போட்டேன்.”

“ரிப்ளை பண்ணானா?”

“டிக்கெட் ஆஃபர் வந்துச்சு. இன்னிக்கும் தோத்தா, இனிமே சண்டே மேட்ச் கிடையாது, ஷாப்பிங்தான்னு ஒய்ஃப் சொல்லிட்டா.”

“ராகு காலம் எதிர் டீமுக்கும்தானேடா?”

“அவங்க கோச் ஓடத்தான்டா சொல்றான்!”

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

அன்று மாலை, பரிகாரமாக, அவர் அணி ஜெயிக்க வேண்டுமென்று விளக்கேற்றிவிட்டு டிவி முன் உட்கார்ந்தேன். நாலரைக்குப் பந்தை எறிந்தார்கள். எதிரணிக்காரன் பிடித்துக்கொண்டு ஓடினான்.

அடுத்த ஞாயிறு, புடவைக் கடை வாசலில் அவரைப் பைகளோடு பார்த்தேன்.